ஆன்-ஏர் இரவு: ஹாம் கிளப்பில் முதல்முறை உட்காருபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எஃப்எம் ரேடியோவைத் திருப்பினால் இலங்கை நிலையங்கள் தெளிவாகக் கேட்கும். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் தண்ணீரைத் தவிர மறைப்பு எதுவும் கிடையாது. அதனால் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் அதே கரையில் ஒரு பனைமரத்துக்கும் ஹாஸ்டல் மொட்டைமாடிக்கும் நடுவே 20 மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டி, ஒரு ரேடியோ செட்டையும் 12 வோல்ட் பேட்டரியையும் வைத்துக்கொண்டு, ஒரு கல்லூரி மாணவி ராத்திரி எட்டு மணிக்கு இந்தோனேசியாவில் உட்கார்ந்திருப்பவரிடம் நேராகப் பேசிவிட முடியும். இன்டர்நெட் வேண்டாம், செல்போன் டவர் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம். இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் ஹாம் ரேடியோவில் பாதி புரிந்துவிடும்.

ஹாம் ரேடியோ என்பது அமெச்சூர் வானொலி. அரசின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிய தனிமனிதர்கள், சம்பாத்தியத்துக்காக அல்லாமல், கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் ஒருவரோடு ஒருவர் பேசவும் ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் இயங்குவது. நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. 1924-லேயே சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்ற ஆர்வலர் சங்கம் ஒலிபரப்பு நடத்தியிருக்கிறது. ஆல் இந்தியா ரேடியோவெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கல்லூரி கிளப்பில் ஆன்-ஏர் இரவு என்றால், உறுப்பினர்கள் சாயங்காலமே கூடி ஆன்டெனாவை ஏற்றி, ராத்திரி முழுக்கவோ பாதி ராத்திரி வரையோ முறை வைத்து நிலையத்தை இயக்குவது. முதல்முறை வருகிறவர்கள் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று எதிர்பார்த்து வருவார்கள். உண்மையில் முக்கால்வாசி நேரம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்பதுதான் வேலை. அது ஏன் என்பதற்கு வானத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

ரேடியோ அலைகளில் இரண்டு சுபாவம் உண்டு. எஃப்எம், டிவி, போட்டில் இருக்கும் விஎச்எஃப் செட், கிளப்பில் கையில் வைத்துக்கொள்ளும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான செட் எல்லாம் மிக உயர் அதிர்வெண் வகை. இவை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் ஒரு தூரத்துக்கு அப்பால் அலை தரையைத் தொடாமல் மேலே போய்விடும். ராமேஸ்வரத்தின் தூர்தர்ஷன் கோபுரம் 323 மீட்டர் உயரம். அத்தனை உயரத்திலிருந்தும் கணக்குப்படி ரேடியோ அடிவானம் சுமார் 74 கிலோமீட்டர்தான் வரும். கோடை பண்பலை தென்மாவட்டங்களில் அவ்வளவு தூரம் கேட்பதற்குக் காரணம் அது மலை உச்சியில் இருப்பது.

இதிலும் நம் கடலுக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் சூடான, வறண்ட காற்று ஓர் அடுக்காக வந்து படியும்போது, விஎச்எஃப் அலைகள் அந்த அடுக்குக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவே சிக்கி, வளைந்து வளைந்து பல நூறு கிலோமீட்டர் போய்விடும். இதை டக்டிங் என்பார்கள். காற்று ஓய்ந்து, கடல் அமைதியாக இருக்கும் ராத்திரிகளில் சாதாரணமாகக் கேட்காத தூரத்து நிலையங்கள் திடீரென்று தலைகாட்டுவது இதனால்தான்.

இந்தோனேசியாவுக்குப் போகிற அலை வேறு வகை. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இதை எச்எஃப், அதாவது சிற்றலை என்கிறோம். பழைய மர்ஃபி, பிலிப்ஸ் ரேடியோக்களில் எஸ்டபிள்யூ என்று ஒரு பட்டை இருக்குமே, அதேதான். இது மேலே போய், வளிமண்டலத்தின் மின்னேறிய மேற்பகுதியான அயனமண்டலத்தில் பட்டு மறுபடி பூமிக்குத் திரும்பி வரும். அயனமண்டலம் இருப்பதை 1924-இல் சோதனை செய்து உறுதிப்படுத்தியவர் எட்வர்ட் ஆப்பிள்டன். அதற்காக அவருக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அயனமண்டலம் ஒரே அடுக்கு அல்ல. நமக்கு இரண்டு அடுக்குகள் தெரிந்தால் போதும். தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு, அதற்கு வெகு மேலே, 200 கிலோமீட்டருக்கு அப்பால் எஃப் அடுக்கு. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அந்த எலக்ட்ரான்கள்தான் ரேடியோ அலையை வளைக்கின்றன. எஃப் அடுக்கில் காற்று மிக மெலிது என்பதால் எலக்ட்ரான்கள் சுதந்திரமாக ஆடி அலையைத் திருப்பி அனுப்பும். டி அடுக்கில் காற்று அடர்த்தி அதிகம். அங்கே அலையால் ஆட்டிவிடப்பட்ட எலக்ட்ரான் உடனே பக்கத்து மூலக்கூறில் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். அலை திரும்பாது, கரைந்துபோகும். அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு கூடும்.

பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை எஃப் அடுக்குக்குப் போக டி அடுக்கைக் கடக்க வேண்டும், திரும்பி வரும்போது மறுபடியும் கடக்க வேண்டும். செங்குத்தாகப் போய் வரும் அலை எப்படியோ தப்பிக்கும். சாய்வாகப் போகும் அலைக்கு டி அடுக்கில் நீண்ட பயணம், அதனால் பெரும்பாலும் செத்துவிடும். ஆகவே பகலில் அந்த அலைவரிசையில் சென்னை, பெங்களூரு, கேரளம், இலங்கை என்று சில நூறு கிலோமீட்டர்தான் எட்டும். பொழுது சாய்ந்ததும் டி அடுக்குக்குச் சூரியன் கிடையாது. காற்று அடர்த்தியாக இருப்பதால் எலக்ட்ரான்கள் சீக்கிரமே அணுக்களோடு மறுபடி சேர்ந்துவிடும், அடுக்கு கலைந்துபோகும். மேலே எஃப் அடுக்கில் அப்படிச் சேர வெகுநேரம் ஆகும் என்பதால் அது ராத்திரியும் தங்கும். வழிமறித்தவன் போய்விட்டான், திருப்பி அனுப்புகிறவன் இருக்கிறான். இப்போது சாய்வாகப் போகும் அலை ஒரே தாவலில் 3,000 கிலோமீட்டருக்கு மேலும் போகும். கடலில் பட்டுத் தெறித்து இன்னொரு தாவலும் எடுக்கும்.

கிளப்புகள் இரவைத் தேர்ந்தெடுப்பதற்கு வகுப்பு நேரம் மட்டும் காரணமல்ல என்று இப்போது புரிந்திருக்கும்.

நமக்குக் கிழக்கே இருக்கும் நாடுகளில் சூரியன் நமக்கு முன்பே மறைந்துவிடும். அதனால் நமக்குப் பொழுது சாயும்போது தென்கிழக்காசியா ஏற்கெனவே இருட்டில் இருக்கும், வழியும் இருட்டாக இருக்கும். ஆகவே 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், முதலில் தூக்கலாகக் கேட்பது இந்தோனேசியக் குரல்கள்தான். ஜப்பானும் வரும். நேரம் ஆக ஆக இருட்டு மேற்கே நகரும், அதோடு மேற்கத்திய நிலையங்களும் எழும்பும். நள்ளிரவை ஒட்டி ஐரோப்பா கேட்க ஆரம்பிக்கும். இதே நேரத்தில் பகலில் கணீரென்று கேட்ட பக்கத்து மாவட்ட நிலையங்கள் மெல்ல மங்கும். எஃப் அடுக்கு இளைத்துப்போவதால் செங்குத்தாக வரும் அலையை அதனால் திருப்பியனுப்ப முடியாது. ஐரோப்பா கேட்கிறது, மதுரை கேட்கவில்லை என்று முதல் வருஷ மாணவர்கள் செட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். செட்டில் கோளாறு இல்லை.

20 மீட்டர் பேண்ட், அதாவது 14 மெகாஹெர்ட்ஸ், கொஞ்சம் வேறு மாதிரி. டி அடுக்கு இதை அவ்வளவாகக் கரைக்காது, ஆனால் இது வளைய எஃப் அடுக்கு வலுவாக இருக்க வேண்டும். அதனால் முன்னிரவில் இதில் ஐரோப்பா நன்றாகக் கிடைக்கும், அப்புறம் பேண்ட் மூடிக்கொள்ளும். எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைச் சூரியன் தீர்மானிக்கிறது. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகித் தேயும் சுழற்சி இருக்கிறது. நடப்புச் சுழற்சியின் உச்சம் 2024-ஐ ஒட்டி வந்தது.

நம் தென்கோடிக்கே உரிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலி, தும்பா பக்கமாகப் போகிறது. 1963-இல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். இந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில், சூரியன் மறைந்த சில மணிநேரத்துக்கு எஃப் அடுக்கு கலங்கி, அதில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் எழும்பும். அவற்றின் வழியே வரும் குரல் ஆடும், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல இருக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். புத்தகத்தில் படித்தால் இரண்டு வரி. ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டால், நம் தலைக்கு மேல் 300 கிலோமீட்டர் உயரத்தில் நடப்பது காதுக்குள் நடப்பதாகத் தோன்றும். வடக்கே டெல்லி மாணவர்களுக்கு இது இவ்வளவு பக்கத்தில் கிடைக்காது. நம் கிளப்புகள் தேதியும் நேரமும் போட்டு இதைக் குறித்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, ஆன்டெனாவுக்கு வருவோம். தொடக்கக்காரருக்கு அரை அலை டைபோல் போதும். 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். அதில் பாதி 21. கம்பியின் முனை விளைவுகளால் ஐந்து சதவீதம் கழித்தால் 20 மீட்டர். நடுவில் வெட்டி, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, நடுவில் 50 ஓம் கோஆக்ஸ் கேபிள். நடுப்பகுதியைப் பனை உயரத்தில் தூக்கி, இரண்டு முனைகளையும் சரித்துக் கட்டினால் இன்வெர்ட்டட் வீ. மரத்தின் மேல் கயிறு போட யாரும் ஏற வேண்டியதில்லை. கடற்கரையில் கிடைக்காத பொருளா? தங்கூசி நரம்பில் ஈயக்குண்டைக் கட்டிக் கவணால் மட்டைக்கு மேல் எறிந்து, அந்த நரம்போடு நைலான் கயிற்றை இழுத்துக்கொண்டால் முடிந்தது. ஈபி லைன் பக்கத்தில் இருந்தால் அந்த இடமே வேண்டாம், வேறு மரம் பாருங்கள். இதில் யோசிக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்க ஆரம்பித்தால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

உப்புக்காற்று இங்கே பெரிய எதிரி. கேபிள் இணைப்புகளில் டேப்பை ஒழுங்காகச் சுற்றாவிட்டால் செம்பு சீக்கிரமே பச்சை பிடிக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் பெரிய நண்பனும்கூட. கடல்நீர் வறண்ட மணலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நன்றாக மின்சாரம் கடத்தும். செங்குத்தாக நிறுத்திய ஆன்டெனாவிலிருந்து அடிவானத்தை ஒட்டிப் போகும் அலையை மணல்தரை விழுங்கிவிடும், கடல் விழுங்காது. தூரதேசத்துக்குப் போவது அந்தத் தாழ்ந்த கோண அலைதான். ஒரு மீன்பிடித் தூண்டில் கோலில் கம்பியைச் சுற்றிக் கரையில் நட்டாலே, ஊருக்குள் இருக்கும் விலை உயர்ந்த ஆன்டெனாவுக்கு ஈடு கொடுக்கும். மண்டபம் பக்கம் நிலம் ஒடுங்கி இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் கிளப்புக்குத் தேர்வு செய்யும் வசதியும் உண்டு. வடக்கே பெண்கடல், அதாவது பாக் நீரிணைக் கரையில் நட்டால் ஜப்பான் திசை தண்ணீராக இருக்கும். தெற்கே ஆண்கடலான மன்னார் வளைகுடாக் கரையில் நட்டால் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா திசைகளில் கண்ணெதிரே தண்ணீர்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இது எல்லையோரக் கடற்கரை. ராத்திரி நேரத்தில் கம்பியும் ரேடியோவுமாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், வர வேண்டும். லைசென்ஸ் அனுமதிக்கும் இடம்தானா என்று பார்த்துக்கொண்டு, அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளூர் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு உட்காருவதுதான் முறை. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே நடத்துவது இன்னும் எளிது.

இப்போது செட்டை ஆன் செய்கிறோம். முதலில் காதில் விழுவது இரைச்சல். அதில் வானத்து இரைச்சல் கொஞ்சம், ஹாஸ்டல் இரைச்சல் நிறைய. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸில் உறுமும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது திருடன் என்று தெரிந்துவிடும். பேட்டரியில் செட்டை ஓட்டி, அந்த அறையின் மெயினையே இறக்கிவிடுவது உத்தமம்.

அப்புறம் டயலை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பிப் பேண்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கேட்க வேண்டும். இந்தியாவில் 40 மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. யார் கேட்கிறார்கள், எந்த நாட்டவர்கள், எவ்வளவு பலம் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டே போனால், வானம் இப்போது எந்தத் திசையில் திறந்திருக்கிறது என்ற வரைபடம் கிடைத்துவிடும். கேட்காத திசைக்குக் கூப்பிட்டு என்ன பயன்? கேட்கிற திசையை அறிந்தவர் ஒரே கூப்பிடலில் பதில் வாங்குவார். நல்ல ஆபரேட்டரை அவர் பேசுவதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, பேசுவதற்கு முன் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்பதில் தெரிந்துவிடும்.

காலியாகத் தோன்றும் இடத்தில் நின்று, இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் ஒருமுறை கேட்க வேண்டும். உங்களுக்குக் கேட்காத ஒருவர், உங்கள் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கலாம். இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் கூப்பிடலாம். "சிக்யூ சிக்யூ சிக்யூ" என்றால் யாராக இருந்தாலும் பதில் சொல்லுங்கள் என்று பொருள். கூடவே கால்சைன், அதாவது லைசென்ஸோடு கிடைக்கும் அடையாளப் பெயர். இந்திய ஹாம்களின் கால்சைன் பெரும்பாலும் விக்டர் யூனிஃபார்ம், அதாவது வி, யூ என்று தொடங்கும், பிறகு 2 அல்லது 3, பிறகு சில எழுத்துகள். எழுத்தை எழுத்தாகச் சொல்லாமல் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்வது இரைச்சலில் பி, டி, வி எல்லாம் ஒன்றுபோல் கேட்பதால்.

யாராவது பதில் கொடுத்தால் முதலில் அவர் கால்சைனைத் திருப்பிச் சொல்லி, சிக்னல் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். 59 என்றால் 5 தெளிவுக்கு, 9 பலத்துக்கு, இரண்டிலும் முழு மதிப்பெண். திணறிக் கேட்கிறவருக்கு மரியாதைக்காக 59 கொடுக்காதீர்கள். 43 என்றால் 43-தான். அந்த எண்ணை வைத்துத்தான் அவர் தன் ஆன்டெனாவைத் திருத்தப்போகிறார். அப்புறம் பெயர், ஊர், செட், ஆன்டெனா, வானிலை. முடிக்கும்போது "செவன்டி த்ரீ", அதாவது வாழ்த்துகள். தமிழ்நாட்டு ஹாம்கள் தங்களுக்குள் தமிழிலேயே பேசிக்கொள்வார்கள். "சார், உங்க சிக்னல் நல்லா வருது, ராம்நாட்ல மழை எப்படி?" என்கிற அளவில் சகஜமாகப் போகும். அதனால் ஆங்கிலம் வராது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

மைக்கில் ஒருவர் இருக்கும்போது பக்கத்தில் ஒருவர் லாக் எழுதுவார். தேதி, நேரம், அதிர்வெண், கால்சைன், கொடுத்த ரிப்போர்ட், வாங்கிய ரிப்போர்ட். நேரத்தை உலக நேரத்தில் எழுதுவார்கள். நம் ராத்திரி 8 மணி அங்கே 14.30. நமக்கு நள்ளிரவில் தேதி மாறினாலும் லாகில் மாறாது, அதிகாலை 5.30-க்குத்தான் மாறும். இந்த ஒன்றில் தவறினால் பிறகு க்யூஎஸ்எல் அட்டை, அதாவது பேசியதை உறுதி செய்யும் அஞ்சலட்டை, பொருந்தாமல் திரும்பும். லாக் எழுதுவதை எடுபிடி வேலையாக நினைக்காதீர்கள். புதியவர் காது பழகுவது அந்த நாற்காலியில்தான்.

லைசென்ஸ் இல்லாதவர் மைக்கை அழுத்தக்கூடாது. வியாபாரம் பேசக்கூடாது, பாட்டு போடக்கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது, சாதாரண நாட்களில் வேறு ஒருவருக்கான செய்தியைத் தபால்காரர் வேலையாக வாங்கிக் கடத்தக்கூடாது. மீனவர்களின் விஎச்எஃப் செட் வேறு உலகம். அவர்களின் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அது ஹாம்களின் இடமல்ல. கடலில் ஆபத்து என்று கரைக்குத் தகவல் வந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பழகி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, 2004 டிசம்பர். அந்தமானிலிருந்து உலகத்தோடு பேச, பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. பேண்ட் எப்படித் திறக்கிறது, யார் கேட்கிறார்கள் என்று ராத்திரி ராத்திரியாகப் பழகிக்கொண்டிருந்தவர்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் அற்றுப்போனபோது அந்த ஆன்டெனாக்களே தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே தகவல் சுமந்தன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், 2018 நவம்பரில் கஜாவின்போது டெல்டாவில் டவர்கள் விழுந்ததையும் அறிந்த கரை இது. பேட்டரியில் ஓடும் ஒரு செட்டும், அதை இயக்கத் தெரிந்த நான்கு பேரும் ஒவ்வொரு கடலோரக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டும் என்று நான் நம்புகிறேன். புயல் அன்று அந்த நான்கு பேரை உருவாக்க முடியாது.

லைசென்ஸுக்கு 12 வயது நிரம்பியிருந்தால் போதும். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு நடத்துகிறது, விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில். அடிப்படை மின்னியல், ரேடியோ கோட்பாடு, விதிமுறைகள் ஆகியவைதான் பாடம். பிளஸ் டூ இயற்பியல் படித்தவருக்குக் கடினமில்லை. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். செட்டின் விலையைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டை, சாதாரணக் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்து வீட்டிலேயே கட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு செமஸ்டரில் ஒன்றைக் கட்டினால், தேர்வுக்குப் படிப்பதும் அதிலேயே முடிந்துவிடும்.

அதற்கு முன்னால் காதைப் பழக்க, எஸ்எஸ்பி, அதாவது ஹாம்கள் சிற்றலையில் குரல் அனுப்பும் முறை, கேட்கும் வசதி உள்ள சிறிய சிற்றலை ரேடியோ ஒன்று போதும். அதில் எல்எஸ்பி என்ற நிலையில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே சில மீட்டர் கம்பியை விட்டு, 7.0-க்கும் 7.2-க்கும் நடுவே பொழுது சாய்வதற்கு ஒரு மணிநேரம் முன்பும், சாய்ந்து ஒரு மணிநேரம் கழித்தும் திருப்பிப் பாருங்கள். இரண்டு பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு கிளப்புக்கு வந்தால், சீனியர்கள் உங்களை நேராக லாக் நாற்காலியில் உட்கார வைப்பார்கள்.